கமரா எந்தப் பக்கம் நிற்கிறது?

2021 ஆகஸ்டில் பதுளை மாவட்டத்துப் படங்கள் சில உலகம் முழுக்கப் போயின. ஏபி செய்தி நிறுவனம் எடுத்தவை. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம். போஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஓர் ஆசிரியையும் ஏறத்தாழ 45 பிள்ளைகளும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒரு பாறை உச்சியில் ஏறி, அங்கே கிடைக்கிற சிக்னலில் பாடம் வாங்குகிறார்கள். லுணுகலைப் பக்கம் காட்டுக்குள் பத்து மீற்றர் உயரத்தில் ஒரு மரப்பரண். பெரியவர்கள் துணைக்கு வர, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள்.

நல்ல படங்கள். பார்த்தவர்கள் 'பாவம் பிள்ளைகள்' என்றார்கள், பகிர்ந்தார்கள், அடுத்த செய்திக்குப் போனார்கள். அதே கிழமையில் கொழும்பிலோ கண்டியிலோ வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அதே பாடத்தைக் கேட்ட பிள்ளை அந்தப் படத்தில் இல்லை. இருக்கவும் வழியில்லை. கமரா ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நிற்கும். பள்ளிக்கூட வறுமையைப் பற்றி வருகிற ஆவணப்படங்களின் சிக்கலே இதுதான் என்று எனக்குப் படுகிறது. வறுமையைக் காட்ட ஓர் இடத்தில் நின்றால் போதும். ஏற்றத்தாழ்வைக் காட்ட இரண்டு இடத்தில் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கந்தோருக்குள்ளும் போக வேண்டும்.

போஹிட்டியாவ சிங்களக் கிராமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊவாவில் சிக்னல் இல்லாமைக்கு மொழி கிடையாது. தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற தமிழ்ப் பாடசாலைகளின் கதை வேறு. அது போன் சிக்னலுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. கமராவுக்கும் மலையகத்துக்குமான உறவும் பழையதுதான்.

ரைட் பார்த்ததும் விட்டதும்

ஆவணப்பட வரலாறு எழுதுகிற யாரும் 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தைத் தாண்டிப் போக முடியாது. இயக்கியவர் பாஸில் ரைட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன், பணம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையுடையது. பின்னணிக்குரல் நம் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். அவர் வாசித்தது ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து. 1935இல் பிரசெல்ஸ் விழாவில் முதற்பரிசு கிடைத்தது. நான்கு பகுதிகளில் மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஒலியில் சந்தை விலை, வணிகக் கடிதம், கப்பல் நடமாட்டம்; திரையில் மரம், மலை, கொழுந்தெடுக்கும் பெண்கள். அந்த ஒலிக்கோவையின் நேர்த்தியை இன்றைக்கும் மறுக்க முடியாது. ஆனால் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்குப் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் மலையில் நிற்கும்போது அவளுடைய பிள்ளை எங்கே என்று யாரும் கேட்கவுமில்லை.

காலனிக் காலத்துப் பிரசாரப் படம், வேறென்ன எதிர்பார்க்கலாம் என்று விட்டுவிடலாம். அப்படி விடமுடியாதபடி செய்வது ரைட்டின் இன்னொரு படம். மூன்று வருடம் கழித்து, 1937இல், அவர் 'சில்ட்ரன் அற் ஸ்கூல்' எடுத்தார். பிரித்தானிய அரசுப் பாடசாலைகளைப் பற்றியது. பணம் கொடுத்தவர்கள் எரிவாயுக் கம்பனிகளின் சங்கத்தார். வெளிச்சமும் காற்றுமாக இருக்கிற நல்ல பள்ளிகளை முதலில் காட்டுகிறார். பிறகு சேரிப் பகுதிகளின் பழைய கட்டடங்கள், நெரிசல் வகுப்புகள். ஒரே நாட்டின் இரண்டு விதப் பள்ளிகளை அடுத்தடுத்து வைத்து, பார்க்கிறவரைச் சங்கடப்படுத்துகிற வித்தை அவருக்கு நன்றாகவே கைவந்திருந்தது. இலங்கையில் அதைப் பயன்படுத்தவில்லை. பிரசார சபை அதைக் கேட்கவும் இல்லை.

கேட்டிருந்தால் காட்ட எவ்வளவோ இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு அது துரைமாரின் பொறுப்பு. 1920இல் இன்னொரு கட்டளைச் சட்டம். நடைமுறையில் அது லயத்தில் ஒரு காம்பராவாகவோ பிரட்டுக்களத்துப் பக்கத்தில் ஒரு கொட்டிலாகவோ முடிந்தது. ஒரு வாத்தியார், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக, ஒரு நாளில் சில மணி நேரம். கொஞ்சம் வளர்ந்ததும் பேர் பதிந்து மலைக்கு.

பிரித்தானியாவிலிருந்து இன்னொரு கமராவும் வந்தது. கிரனாடா தொலைக்காட்சியின் 'வேர்ல்ட் இன் அக்ஷன்' நிகழ்ச்சி 1970களின் முற்பகுதியில் பிரித்தானியக் கம்பனிகளின் இலங்கைத் தோட்டங்களைப் படமெடுத்தது. ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்பதுதான் தலைப்பே. அந்தப் படத்தின் கோபம் சம்பளத்தின் மீதும் பசியின் மீதும். மக்கள் பட்டினியில் விழுந்த காலத்தில் அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் இதே நிகழ்ச்சிதான் 1964இல் 'செவன் அப்' என்ற படத்தைக் கொடுத்தது. பணக்காரப் பள்ளியில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளையும் லண்டன் கிழக்குப் பக்கத்து ஏழைப் பிள்ளைகளையும் ஒரே படத்தில் வைத்து, பிறகு ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய், 2019இல் அவர்களின் 63 வயது வரைக்கும் பார்த்தார்கள். அந்தப் பொறுமை நம் மலைக்கு இதுவரை வரவில்லை. வருகிறவர்கள் ஒரு தரம் வருகிறார்கள்.

நூறுக்கு இருபது

மடுல்சீமைப் பக்கமோ நமுணுகலைப் பக்கமோ ஒரு தோட்டப் பாடசாலைக்குள் போய்ப் பாருங்கள். நூறு அடி நீளம், இருபது அடி அகலத்தில் ஒரே மண்டபம். ஆசிரியர்கள் 'நூறுக்கு இருபது' என்று சொன்னால் அந்தக் கட்டடம்தான். பல இடங்களில் வகுப்புக்கு வகுப்பு சுவர் இல்லை. கறுப்புப் பலகையும் ஆளுயரத்துக்குக் குறைவான ஒரு தடுப்பும்தான் எல்லை. மூன்றாம் ஆண்டு பாட்டுப் படிக்கும்போது ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நடுவில் நாலாம் ஆண்டு இரண்டையும் கேட்கும். மழை பிடித்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஆசிரியர் வாயசைப்பது மட்டும் தெரியும். அப்போது எழுத்து வேலை கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இப்படி ஒரு வகுப்பை ஆவணப்படத்தில் நான் பார்த்ததில்லை. கட்டடம் வரும், தடுப்புப் பலகையும் வரும், சத்தம் வராது. ஒலிப்பதிவாளர் சட்டையில் சின்ன மைக் குத்தி, ஆசிரியர் குரலை மட்டும் துல்லியமாக எடுத்துவிடுவார். மிச்சத்தைப் படத்தொகுப்பில் துடைத்துவிட்டு அடியில் புல்லாங்குழல் போடுவார்கள். அந்தப் பாடசாலையில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எது கஷ்டமோ அது படத்திலிருந்து காணாமல் போய்விடும். பார்க்கிறவருக்கு வகுப்பறை ஏழையாகத் தெரியும், அமைதியாகவும் தெரியும். படமெடுக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கச் சொன்னால், அந்த இரைச்சலைத் துடைக்காதீர்கள் என்பேன்.

புல்லாங்குழலைச் சொன்னதால் மற்றதையும் சொல்லிவிடலாம். தோட்டப் பாடசாலைக் குறும்படத்துக்கு ஒரு சமையற்குறிப்பு உண்டு. முதலில் மூடுபனியும் ட்ரோனும். பிறகு ஒற்றையடிப் பாதையில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள். கிழிந்த சப்பாத்துக்கு ஒரு நெருக்கக் காட்சி. பீலியில் தண்ணீர் பிடிக்கிற அம்மா. டொக்டராக வர ஆசை என்று சொல்லும் சிறுமி. கடைசியில் உதவிய அமைப்பின் சின்னம். கொப்பி கொடுக்கும் யூடியூப் காணொளிகள் இதைவிட மோசம். வாங்குகிற பிள்ளையின் முகத்தைக் கமராப் பக்கம் திருப்பி, நன்றி சொல்ல வைத்துத்தான் விடுகிறார்கள். நகரத்துப் பாடசாலைப் பிள்ளை ஒருவரின் முகத்தை இப்படிப் பெற்றோரைக் கேட்காமல் போட்டால் அடுத்த நாள் வழக்கறிஞர் கடிதம் வரும்.

இந்தக் குறிப்பு நம் கண்டுபிடிப்பும் கிடையாது. பிரெஞ்சு இயக்குநர் பஸ்கால் பிளிசோன் 2013இல் எடுத்த 'பள்ளிக்கூடம் போகும் வழியில்' படம் கென்யா, மொரோக்கோ, ஆர்ஜன்டீனா, இந்தியா என்று நாலு நாட்டுப் பிள்ளைகள் படிக்கப் போகிற பாதையைத் தொடர்ந்தது. இந்தியப் பகுதியில் வங்காள விரிகுடாக் கரை மணலில் தம்பிமார் இருவர் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சிரிப்பும் சண்டையுமாகப் போகிற அந்தக் காட்சியை மறப்பது கஷ்டம். பிரான்ஸின் சீசர் விருதும் கிடைத்தது. ஆனால் படம் முழுக்கப் பாதைதான். அந்தப் பாதையில் ஏன் பஸ் இல்லை, அந்த நாற்காலி ஏன் அவ்வளவு ஓட்டை என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. பிள்ளைகளின் மனவலிமையைப் புகழ்ந்து முடிக்கிற படம், பொறுப்பானவர்களுக்கு விடுப்புக் கொடுத்துவிடுகிறது.

மலைக்குப் போகும் ஆசிரியர், ஊருக்கு வரும் பிள்ளை

பதுளை, பசறை, பண்டாரவளை பஸ் நிலையங்களில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் இரண்டு கூட்டம் எதிரெதிரே போவது தெரியும். ஆசிரியர்கள் தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். கையில் காசும் தைரியமும் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் தோட்டங்களிலிருந்து ஊர்ப் பாடசாலைக்கு இறங்குகிறார்கள். 7.30க்கு மணி அடிக்கும். ஒரே பஸ்ஸை நம்பி வருகிற ஆசிரியருக்கு அது பிந்தினால் முதற்பாடம் போயிற்று. 1.30க்குப் பாடசாலை விடும்போது திரும்புகிற பஸ்ஸையும் அவர் பிடித்தாக வேண்டும்.

பிள்ளைகள் ஏன் இறங்குகிறார்கள் என்பதற்கு அரசாங்கமே வகுத்த படிநிலை இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை வகை 2, ஆரம்ப வகுப்புகள் மட்டும் உள்ளவை பெரும்பாலும் வகை 3. தோட்டங்களில் இருப்பவை அதிகமாகக் கடைசி இரண்டு. லுணுகலைக்கு அப்பால் மேல் டிவிசனில் பிறந்த பிள்ளை உயிரியல் படிக்க ஆசைப்பட்டால் பதினாறு வயதில் வீட்டை விட வேண்டும், அல்லது தினமும் பஸ்ஸில் அலைய வேண்டும். பலர் அந்த இடத்தில் கலைப்பிரிவுக்குத் திரும்புகிறார்கள், அல்லது கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். டொக்டராக வர ஆசை என்று எட்டு வயதில் சொன்ன சிறுமியைப் படமெடுத்தவர்கள் அந்தப் பதினாறாவது வயதில் கூட இருப்பதில்லை.

இந்த நிலைக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1945இல் கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1948இல் தோட்ட மக்களின் பிரஜாவுரிமை பறிபோனபின் அவர்களுக்காகப் பேச வாக்குக்கூட இருக்கவில்லை. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டத்துப் பள்ளிகள் வெளியே. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் அவை கொஞ்சம் கொஞ்சமாக அரசுக்கு வந்தன. 1980களில் ஸ்வீடனின் சீடா நிறுவனப் பணத்தில் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் பார்த்தவர்கள் அதைப் பெரிய மாற்றம் என்றே சொல்வார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இன்றைக்கும் பல இடங்களில் பாடசாலை அரசாங்கத்தினது, அதற்குப் போகும் பாதை கம்பனியினது. கமராவோடு போகிறவர் அதிபரிடம் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது.

ஆசிரியர் பஞ்சத்துக்குக் கண்ட மருந்தையும் பார்க்க வேண்டும். 2015 வாக்கில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் முடித்த மலையகப் பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பின்னர் 10,000 ஆனது. அப்போது கொழுந்தெடுக்கும் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து 620 ரூபாய். அம்மாவின் பத்து நாட்சம்பளக் கணக்கு, மாதம் முழுக்கப் படிப்பித்த மகளின் அந்த 6,000 ரூபாயைவிட அதிகம். ஒரே காம்பராவில் இரண்டு சம்பளத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தால் ஓர் ஆவணப்படத்தின் பாதி வேலை முடிந்தது. யாரும் எடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆதங்கம்.

வறுமைக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்போர் நகரத்தில் 6.0 சதவீதம், கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. பொருளாதார நெருக்கடிக்கு முன்பே இந்த நிலை.

பதுளை நகரப் பாடசாலை ஒன்று தேசியச் செய்தியான சந்தர்ப்பமும் உண்டு. 2018 ஜனவரியில், கல்வியமைச்சையும் கையில் வைத்திருந்த ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க, தமிழ் மகளிர் பாடசாலை அதிபரை முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. அவர் மறுத்தார். ஆனாலும் கல்வியமைச்சை விட்டார், கைதாகிப் பிணையில் வந்தார். அதிபருக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி எல்லா ரி.வியும் பேசியது. விவகாரத்தின் ஆரம்பம் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்படி வந்த சிபாரிசு என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. ஊர்ப் பாடசாலையில் ஓர் இடத்துக்கு மாகாணத்தின் முதல் நாற்காலி வரைக்கும் சிபாரிசு போகிறது என்றால், சிபாரிசுக்கு ஆளில்லாத தோட்டத்துப் பெற்றோர் எங்கே நிற்கிறார்கள்? அந்தக் கேள்வியோடு ஒரு படம் தொடங்கியிருக்கலாம்.

மீரியபெத்தைத் தோட்டத்திலும் கமராக்கள் குவிந்தன. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் அதனாலேயே தப்பினார்கள். சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. பிழைத்தவர்கள் முதலில் தங்கியது பாடசாலைகளில். அப்படித் தங்கும்போது அந்தப் பாடசாலையின் பிள்ளைகளுக்கும் படிப்பு நின்றது. பிறகு மாகல்தெனியவில் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம். புதிய வீடுகள் 2016இல்தான் கிடைத்தன. தொழிற்சாலை மாடியில், குடும்பத்துக்குக் குடும்பம் துணி கட்டிப் பிரித்த இடத்தில் சாதாரண தரத்துக்குப் படிப்பது எப்படி இருந்திருக்கும் என்பதைப் பதிந்த முழுநீளப் படம் என் கண்ணில் படவில்லை. அழுகையைப் பதிந்தவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையில் மண் சரிந்தது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளையைச் சிதைத்தது. ஒவ்வொரு முறையும் பாடசாலைதான் முகாம்.

உள்ளிருந்து சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. பதுளை ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் அப்பா தோட்டப் பாடசாலை ஆசிரியர். தானும் தோட்டத்தில் படிப்பித்து, கணக்கு எழுதி, அந்த வாழ்க்கையைக் கதையாக்கினார். 1975இல் வந்த 'புதிய காற்று' படத்துக்கு எழுதியவரும் அவர்தான். 2013இல் சுமதி சிவமோகன் 'இங்கிருந்து' எடுத்தார். புனைவுதான், ஆனால் ஆவணப்படத்தின் ஈரம் அதில் உண்டு. இப்போது போனில் குறும்படம் எடுக்கிற தோட்டத்து இளைஞர்களிடமும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. லயத்து இஸ்தோப்பில் கமராவை எங்கே வைத்தால் யாருக்குக் கூச்சம் வரும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2002இல் இயக்குநர் நிக்கலா பிலிபேர் பிரெஞ்சுக் கிராமம் ஒன்றின் ஓராசிரியர் பள்ளியை அற்புதமாகப் படமெடுத்தார். படம் வசூலை அள்ளியது. அந்த ஆசிரியர் பங்கு கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார். படமாகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை எடுக்கத் தொடங்குமுன் பேசித் தீர்ப்பது நல்லது.

கோப்புகளுக்குள் போன படம்

பின்பற்ற ஒரு முன்மாதிரி வேண்டுமானால் அமெரிக்காவின் தென் கரோலினாவைப் பார்க்கலாம். நெடுஞ்சாலை 95 ஓரத்தில், பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் ஏழை மாவட்டங்கள். 1993இல் அவை மாநில அரசின்மீது வழக்குப் போட்டன. 2005இல் பட் ஃபெரில்லோ 'கொரிடோர் ஒஃப் ஷேம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஒழுகும் கூரையைக் காட்டியதோடு நிற்காமல், நிதி எப்படிப் பங்கிடப்படுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்ற வழக்கின் கேள்விகளோடு படத்தைக் கட்டினார். ஒபாமா அங்கே ஒரு பழைய பள்ளிக்குப் போனார். 2009இல் அந்தப் பள்ளி மாணவி ஒருவரின் கடிதத்தைப் பற்றிக் காங்கிரஸில் பேசினார். பின்னர் அங்கே புதிய கட்டடம் வந்தது. 2014 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஏழை மாவட்டங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடத்தில் நீதிமன்றம் கண்காணிப்பைக் கைவிட்டதும் உண்மை. படத்தால் மட்டும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் இரக்கத்தைக் கேட்காமல் கணக்கைக் கேட்டதால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டமாக இருந்தது.

நம்மிடம் அந்தக் கணக்கைக் கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. படமெடுக்கப் புறப்படுகிறவர் முதலில் பதுளை, பண்டாரவளை வலயக் கல்விப் பணிமனைகளுக்கும் ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் எழுதலாம். ஒவ்வொரு தமிழ்மொழிப் பாடசாலையிலும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை? கணித, விஞ்ஞானப் பட்டதாரிகள் எங்கே இருக்கிறார்கள்? கடந்த ஐந்து வருடத்தில் தோட்டப் பாடசாலையிலிருந்து ஊருக்கு இடமாற்றம் பெற்றவர் எத்தனை, பதிலாக வந்தவர் எத்தனை? பாடசாலைக் காணி யார் பெயரில் இருக்கிறது? பதினான்கு வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கடிதம் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ட்ரோனுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்பது படமெடுக்கிறவர்களுக்குத் தெரியும்.